துருத்தி ஊதிய முப்பத்தேழு பேர்

என் தங்கை புருஷனை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. கல்யாணம் பேசி முடித்த அன்றே தங்கையைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "இவன் தற்பெருமைக்காரன்டி, வேண்டாம்" என்று சொன்னேன். அவள் கேட்டால்தானே. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு அவன் ஐம்பது பலூனை ஒரே மூச்சில் ஊதித் தள்ளியதைப் பார்த்து மயங்கியவள். பலூன் ஊதுகிறவனை நம்பிக் கழுத்தை நீட்டியவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தங்கை வீட்டுக்காரர், மரியாதையாக 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு வராது.

ஆள் உயரம் சராசரிதான். நெஞ்சு மட்டும் சட்டைப் பொத்தான்களைப் பாடாய்ப் படுத்தும். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவன் காட்டாத வித்தை இல்லை. ரப்பர் வெந்நீர்ப் பையை வாயால் ஊதி வெடிக்கவைத்தான். அது என்னுடைய பை, இன்றுவரை வேறு வாங்கித் தரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை அமுக்கிக்கொண்டு பிள்ளைகளை நூற்றைம்பது வரை எண்ணச் சொன்னான். என் மகள் நூற்றுப்பத்திலேயே பயந்து அழுதுவிட்டாள். தலையை வெளியே எடுத்து, ஈரம் சொட்டச் சொட்ட, "எத்தனை?" என்று கேட்டான். அவன் வேலை பார்த்த பட்டறையில், உலைக்குக் காற்று ஊதுகிற துருத்தியின் பெயரை வைத்தபோது அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்வான்.

அந்தப் பட்டறையில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என் வீட்டுக்காரர். இருவரும் சகலைகள், ஆனால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். அது எனக்கு இன்னொரு எரிச்சல். சமையல் மேடைக்குப் போடுகிற பலகைகளை அறுத்து, ஓரம் தேய்த்து, மெருகேற்றுவது அங்கே வேலை. மலையில் வெட்டிய கல் இல்லை. கல்லைப் பொடியாக்கிப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. அறுத்தால் எழும்பும் தூள் முகப்பவுடரைவிட நைசாக இருக்கும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் அடங்கும். ஆனால் வேலை மெதுவாகும், தரை சேறாகும். அதனால் முதலாளி தண்ணீர்க் குழாயைப் பூட்டியே வைத்திருந்தார். ஆட்கள் வெள்ளைப் புருவமும் வெள்ளை இமையுமாக வெளியே வருவார்கள். என் வீட்டுக்காரர் சட்டையை உதறினால் மாடிப்படி வெளுத்துவிடும். முணுமுணுத்துக்கொண்டே தினமும் பெருக்கினேன். படி அழுக்காகிறதே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

நான் வேலை பார்ப்பது சுகாதாரப் பதிவு அலுவலகத்தில். பெயர்தான் பெரிது, வேலை தட்டச்சு. இரண்டாவது மாடி, ஆறு மேசை, திறக்க வராத ஒரு ஜன்னல். ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், மருந்துக் கடையில் இன்ஹேலர் வாங்கியவர்கள், தொழிலிடப் பரிசோதனைக்குப் போனவர்கள், செத்தவர்கள் என்று நான்கு பக்கமிருந்து தாள்கள் வரும். ஆளுக்கு ஓர் எண். அந்த எண்ணைப் பிடித்துக் கணினி நான்கையும் கோத்துவிடும். இந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறது, கூடுகிறதா, குறைகிறதா, எந்தத் தெருவில் அதிகம் என்று மாதா மாதம் கணக்கு மேலே போகும். நோயாளி என்று பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் மருந்து வீடு தேடி வரும். மூச்சு ரொம்ப மோசமானவர்களுக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஆக்சிஜன் மெஷின் தருவார்கள். பெயர் ஏறாதவர்கள் எக்கேடு கெட்டுப்போனாலும் எங்கள் அலுவலகத்துக்குத் தெரியாது.

வருடத்தில் ஒரு நாள் பட்டறை வாசலுக்கு ஒரு மூச்சுப் பரிசோதனை வேன் வரும். மூக்கைக் கிளிப்பால் அடைத்து, அட்டைக் குழாயில் வாயை வைத்து, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் பலங்கொண்டமட்டும் ஊத வேண்டும். அந்த வயதில், அந்த உயரத்தில் உள்ள நல்ல ஆள் ஊதுவதில் இது எத்தனை சதவீதம் என்று மெஷின் சொல்லும். எண்பதுக்கு மேல் என்றால் நலம். கீழே போனால் பட்டறை அவனைத் தகுதியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடும். காற்று எப்படி வெளியே வந்தது என்று மெஷின் ஒரு கோடும் வரைந்து தரும். அந்தப் படம் தாளுக்குப் பின்னால் இணைப்பாக வரும். நாங்கள் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. எங்களுக்கு எண் போதும்.

அந்தப் பட்டறையின் எண்களை மூன்று வருடம் தட்டியது நான்தான். முதல் வருடமே என் வீட்டுக்காரருக்கு நூற்றொன்று. பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் இருமினால் எனக்குப் பொறுக்காது.

"நூத்தியொண்ணு இருக்கிற நெஞ்சு இருமுறதைப் பாரு. வேலைக்குப் போகச் சோம்பலா இருந்தா வாயைத் திறந்து சொல்லிட்டுப் போங்களேன்."

நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. கேஸ் சிலிண்டரை அவர்தான் தூக்கி வருவார். நாலு படிக்கு ஒருமுறை இறக்கிவைத்துவிட்டு நிற்பார். நான் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "நடிச்சது போதும், வாங்க" என்பேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

எங்கள் மேலதிகாரிக்கோ அந்தப் பட்டறை என்றால் வாயெல்லாம் பல். வட்டாரத்திலேயே நோய் குறைந்த இடம் என்று அறிக்கையில் எழுதினார். தூசியை இழுத்து வெளியே தள்ளும் விசிறி போடச் சொல்லி முன்பு அனுப்பியிருந்த கடிதத்தையும், இத்தனை நல்ல நெஞ்சுகளுக்கு அது தேவையில்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தக் கடிதத்தைத் தட்டியதும் நான்தான்.

நாலாவது வருடம், வேன் வருவதற்கு முன்னாலேயே, என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊதச் சொன்னார்கள். முப்பத்தெட்டு. வீட்டில் ஆக்சிஜன் இல்லாமல் இவரை வைத்திருக்க முடியாது, சீக்கிரம் பதிவேட்டில் ஏற்றி மெஷின் வாங்குங்கள் என்று சொல்லி, பத்து நாளைக்கு மட்டும் ஒரு சிலிண்டரைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாள் என் மேசைக்கே வந்தது. என் கையாலேயே தட்டினேன். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: முந்தைய அளவுகளோடு பொருந்தவில்லை, நிறுத்திவைக்கப்பட்டது, ஓராண்டு கழித்து மறுபரிசோதனை.

மேலதிகாரியிடம் ஓடினேன்.

"மூணு வருஷமா நூறு ஊதினவர் திடீர்னு முப்பத்தெட்டு ஊதுறார்னா என்னம்மா அர்த்தம்? ஆக்சிஜன் மெஷினுக்காக மூச்சை அடக்கி ஊதுறாங்க. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"அவர் என் வீட்டுக்காரர் சார்."

"அதனாலதான் சொல்றேன். நீங்க இதுல தலையிடாதீங்க."

அவருடைய மேசைக் கண்ணாடியில் எதையாவது தூக்கிப் போட்டிருக்க வேண்டும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் கட்டில் விளிம்பில், மடியில் இரண்டு தலையணையை வைத்து அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் அடைக்கிறது. முன்பெல்லாம் நூறு எப்படி வந்தது என்று நான் கேட்கக் கேட்க அவர் தலையணையின் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சகலை ஊதினான்."

"எதை ஊதினான்?"

"எனக்கு... அவன்தான் ஊதினான். இன்னும் கொஞ்சம் பேருக்கும்."

கொஞ்சம் பேர் என்பது முப்பத்தேழு பேர். வேன் வரும் அன்று எல்லோர் முகமும் தூளில் ஒரே வெள்ளையாக இருக்கும். மேலங்கியில் ஒட்டியிருக்கிற எண்ணைப் பார்த்துத்தான் வேன்காரர் ஆளைக் குறிப்பார். பரிசோதனையில் தோற்றுவிடுவோம் என்று பயந்தவர்கள் வேனுக்குப் பின்னால் போய் அங்கியைக் கழற்றித் துருத்தியிடம் கொடுப்பார்கள். அவன் மாட்டிக்கொண்டு ஏறி ஊதிவிட்டு இறங்கி அடுத்த அங்கியை வாங்குவான். வயதும் உயரமும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் ஒரே மூச்சுக்கு மெஷின் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண் கொடுத்தது. குள்ளமாக இருந்த ஓர் ஆளுக்கு நூற்றிருபத்திரண்டு வந்து பட்டறையே சிரித்ததாம்.

"இதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் அந்த நூத்தியொண்ணை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். துருத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவக்கூட விடவில்லை.

"தம்பி, நீ செஞ்ச காரியத்துக்கு என் வீட்டுல ஒரு ஆள் செத்துக்கிட்டு இருக்கார். நான்தான் ஊதினேன்னு எழுதிக் கொடு."

"அண்ணன் கேட்டார்க்கா. கேட்டப்புறம் மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அண்ணன் கேட்டார். முப்பத்தாறு பேரும் கேட்டாங்களா? இல்ல, துருத்தி துருத்தின்னு கூப்பிடுறது காதுல இனிச்சுதா?"

அவன் தட்டைப் பார்த்தான். "எழுதிக் கொடுத்தா அவங்க எல்லாருக்கும் வேலை போயிடும். அவங்க வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?"

"என் வீட்டுல மூச்சு நின்னா பரவாயில்லையா?"

தங்கை நடுவில் வந்து நின்றாள். "அக்கா, போதும். நீ கிளம்பு." என் கையைப் பிடித்து வாசலில் விட்டாள். கதவைச் சாத்தும் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும் என்றே சாத்தினாள்.

புதன்கிழமைகளில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நுரையீரல் டாக்டரம்மா வருவார். மேலதிகாரியைக் கேட்காமல் டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதல் வேலையாக, மூன்று வருடமாக யாரும் திறக்காத கோட்டுப் படங்களில் முதல் வருடத்தவற்றைத் திறந்தார். முப்பத்தேழு பேரின் கோட்டிலும் ஒரே இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம். ஊதும்போது மூச்சு ஒரு கணம் தடுக்கினால் அப்படி விழுமாம், ஆளுக்கு ஆள் மாறுமாம். முப்பத்தேழு பேருக்கும் ஒரே தடுக்கல்.

"இது ஒரே ஆள்தான்" என்றார். "ஆனா நான் சொன்னா மட்டும் போதாது. அந்த ஆள் வரணும், என் முன்னாடி ஊதணும், யார் யாருக்கு ஊதினார்னு எழுதிக் கொடுக்கணும். அப்புறம் அத்தனையையும் ரத்து பண்ணுவேன். உங்க வீட்டுக்காரருக்கு மட்டும்னு பண்ண முடியாது."

நான் மறுபடி தங்கை வீட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் கைகலப்பாகியிருக்கும். என் வீட்டுக்காரர்தான் போன் செய்தார். என்ன பேசினார் என்று தெரியாது. நான் அறைக்குள் போனபோது ரிசீவரைக் காதில் வைத்தபடி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த புதன்கிழமை துருத்தி தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். ஆக்சிஜன் சிலிண்டர் தீருகிற நாள் அது.

டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். முதல் வருடம், இரண்டாம் வருடம், எல்லாக் கோட்டிலும் பள்ளம். மூன்றாம் வருடத்துக்கு வந்தபோது கை நின்றது. அந்த வருடத்துக் கோடுகள் எதிலும் பள்ளம் இல்லை. வழவழவென்று ஒரே மாதிரி இறங்கின. நான் எண்ணினேன். முப்பத்தெட்டு. இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்தெட்டாவது தாளில் துருத்தியின் எண்.

"ஊதுங்க" என்றார் டாக்டரம்மா.

அவன் குழாயை வாயில் வைத்தான். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது. மூன்று தடவை ஊதினான். நாற்பத்துநாலு. கோடு படிக்கட்டிலிருந்து உருண்டது போல் விழுந்திருந்தது. ஆனால் அதே இடத்தில் அந்தப் பள்ளம் இருந்தது. டாக்டரம்மா தலையை ஆட்டினார். ஆள் இவன்தான்.

"போன வருஷம் உனக்கு யாருடா ஊதினது?" என்றேன். அதுவரை அவனை நான் 'டா' போட்டதில்லை.

"லாரி டிரைவர் ஒருத்தர்க்கா. போன வருஷம் எல்லாருக்குமே அவர்தான். நல்லா ஊதுவார்." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "என் அளவுக்கு இல்ல."

"உனக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ரெண்டாவது வருஷமே கடைசி நாலு பேருக்கு ஊதுறப்போ கண்ணு இருட்டிடுச்சு. யார்கிட்ட சொல்றது? துருத்திக்கு மூச்சு இல்லன்னா சிரிக்க மாட்டாங்களா?"

அப்போதும் அவனை அடிக்கத்தான் கை வந்தது. எல்லோரும் குடித்த அதே தூளைத்தானே அவனும் குடித்தான். தன் நெஞ்சு மட்டும் வேறு சரக்கு என்று நினைத்திருக்கிறான், மடையன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காகிதத்தை வாங்கி முப்பத்தேழு பெயரையும் எதையும் பார்க்காமல் எழுதினான். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கணம் நின்று எழுதினான். முதல் பெயர் என் வீட்டுக்காரருடையது. கடைசியில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினான்.

"உங்க பேரு இதுல இல்லையே?" என்றார் டாக்டரம்மா.

"என்னுது வேண்டாம் டாக்டர். ரெண்டு குடும்பத்துல ஒருத்தனாவது வேலைக்குப் போகணும். இன்னிக்கு ஊதினதைச் சும்மா சரிபார்க்க ஊதினேன்னு வச்சுக்குங்க." என் பக்கம் திரும்பினான். "அக்கா, உங்களைத்தான் கேட்கிறேன். என் தாளைத் தட்டாதீங்க. நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டேன்ல."

டாக்டரம்மா இரண்டையும் என் கையில் கொடுத்தார், அவன் எழுதிய காகிதத்தையும் நாற்பத்துநாலு என்று போட்ட தாளையும். எழுதிக் கொடுத்தது முப்பத்தேழு. அதற்கு அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. மற்றது பதிவுக்காரியின் பாடு. படித்தவர்கள் கையைக் கழுவிக்கொள்வதே தனி அழகு.

என் மேசைக்கு வந்து முப்பத்தேழையும் ரத்து செய்தேன். ஒவ்வொன்றாக எண்ணைப் போட்டு, மூன்று வருடத்து நல்ல அளவுகளையும் அழித்தேன். என் வீட்டுக்காரரின் முப்பத்தெட்டு பதிவேட்டில் ஏறியது. இருநூற்றுப் பதினொன்றாவது நோயாளி. பிறகு அந்தக் கடைசித் தாளை எடுத்தேன். பத்து நிமிடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரி, "என்னடி, தூங்குறியா?" என்றாள். தட்டினேன். அவனுடைய மூன்று வருடத்தையும் அழித்துவிட்டு நாற்பத்துநாலைப் போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு.

அவன் மேல் இருந்த ஆத்திரத்தில் தட்டினேன். அவன் சாகக் கூடாது என்றும் தட்டினேன். எது எத்தனை பங்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நான்காவது நாள் மெஷின் வந்தது. அதுவரை ஒரு சிலிண்டருக்காக நான் கெஞ்சாத ஆள் இல்லை. பட்டறைக்குக் கடிதம் போனது. மறுவாரம் வேன் வந்து, இந்தத் தடவை முகம் கழுவவைத்து ஒவ்வொருவராக ஊதவைத்தார்கள். இருபத்தாறு பேர் தகுதியில்லாதவர்கள் ஆனார்கள், துருத்தியையும் சேர்த்து. தண்ணீர்க் குழாயின் பூட்டைத் திறந்துவிட்டார்களாம். மாதக் கடைசியில் மேலதிகாரி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, வட்டாரத்தில் நோய் இப்படித் திடீரென்று ஏறக் காரணம் என்ன, ஏதாவது தொற்றா என்று ஆறு மேசையையும் கேட்டுக்கொண்டு நடந்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

தங்கை போன் செய்தாள். "உன் புருஷனுக்கு மெஷின் வந்துடுச்சுல்ல? நல்லா இரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் திருப்பிக் கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வந்தான். கீழே கேட் சத்தம் கேட்டதும் எட்டிப் பார்த்தேன். திட்டத்தான் வருகிறான் என்று நடையிலேயே தெரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். முதல் மாடி ஏறி நின்றான். இரண்டாவது மாடிக்கு நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. என் வாழ்க்கையில் இது நடந்ததே இல்லை.

மேலே வந்து சேர்ந்தான். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"நீங்க..." என்றான்.

அதற்கு மேல் வரவில்லை. தோள் ஏறி ஏறி இறங்கியது. விரலை மட்டும் இறக்கவில்லை. உட்காரு என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அவனுக்கு அவமானமாக இருக்கும். ஒரு நாற்காலியை அவனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு எதிரே நின்றேன். உள்ளே என் வீட்டுக்காரர், "யாரு, சகலையா?" என்று கேட்டார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவனால் இன்னும் திட்ட ஆரம்பிக்க முடியவில்லை.